மொலி மீனுக்கு ஒரு தண்ணீர், மனைவிக்கு ஒரு தண்ணீர்

இதை எழுதவேண்டும் என்று நினைத்து நினைத்தே சில வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன். மீன்தொட்டியைப் பற்றி எழுதப்போகிறாயா, உனக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்குள்ளேயே ஒருவர் சிரிப்பார். வைத்துவிடுவேன். எழுதுகிற மற்றவர்கள் பெரிய பெரிய விசயங்களை எழுதுகிறார்கள். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். நீரின் வன்மையைப் பற்றி விஞ்ஞான வாத்தியார் படிப்பித்த அன்று, யன்னலுக்கு வெளியே புல் மேய்ந்துகொண்டிருந்த மாடு எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. வன்மை என்றால் என்ன என்று எனக்குப் பிறகு படிப்பித்தவை மீன்கள். எங்கள் ஊர்க் கோயில் அம்மாளாச்சி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகத்தில் பழுது தொடங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அது புதினமான வருத்தம் இல்லை. ஏன் வருகிறது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அடித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு விசயத்தில் டொக்டர் கண்டிப்பாக இருந்தார். "அம்மா, இனிக் கிணத்துத் தண்ணி குடிக்கக்கூடாது. பில்டர் தண்ணிதான். இப்ப கவனமா இருந்தா இப்பிடியே கனகாலம் கொண்டு போகலாம். இல்லாட்டி பிறகு மெசினிலதான் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும்."

வன்னியில் பரந்தன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை அறியாதவர்களுக்கு ஒரு சொல். தண்ணீர் சுடவைக்கிற எங்கள் கேத்திலைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். சவர்க்காரம் நுரைக்க மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் இருக்கும். முழுகிவிட்டு வந்தால் தலைமயிரில் பாத்திரம் விளக்கலாம். ஆகவே வீட்டுக்கு வீடு பில்டர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கான் வந்தது. கானோடு சாதிப் பிரிவும் வந்தது. யாருக்கு எந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போடுகிறார்கள் என்பதை வைத்து அந்த வீட்டில் அவருக்கு என்ன மதிப்பு என்று சொல்லிவிடலாம். சம்பந்தி வந்தால் கான். வேலி அடைக்க வந்தவருக்குக் கிணறு. எனக்கு, நாளைப் பொறுத்து.

வெயிலில் வேலை செய்யக்கூடாது என்றும் டொக்டர் சொன்னதால் மனைவி வீட்டுக்குள் அடைந்துபோனாள். பொழுது போகட்டும் என்று வவுனியாவில் ஒரு கடையிலிருந்து கண்ணாடித் தொட்டியும் கொஞ்சம் மொலி மீன்களும் வாங்கி வந்தேன். கறுப்பும் செம்மஞ்சளுமாக, கொழுகொழுவென்ற மீன்கள். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி விட்டோம். அதுகள் அதில் சந்தோசமாக ஓடித் திரிந்து, குட்டி போட்டு, குட்டியின் குட்டியும் போட்டன. காலையில் சாமி விளக்கேற்றியதும் அவள் நேரே தொட்டிக்குத்தான் போவாள். என்னை விசாரிப்பதற்கு முதல் மீன்களை விசாரித்தாள். நான் மனவருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய்.

எல்லாம் நன்றாக நடந்தால் எங்களுக்குப் பொறுக்காதே. ஒருநாள் அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நாங்கள் நல்ல தண்ணி குடிச்சுக்கொண்டு அதுகளை இந்தக் கல்லுத் தண்ணிக்குள்ள விட்டு வைச்சிருக்கிறம். பாவமில்லையே? கேத்திலுக்கையே இப்பிடிப் படியுதெண்டால், அதுகளின்ர வயித்துக்குள்ள என்னமாதிரிப் படியும்?"

"அதுகள் முறைப்பாடு ஒண்டும் சொல்லேல்லையே."

"நானும்தான் சொல்லேல்லை. கிளினிக்கில சொல்லித்தானே தெரிஞ்சது."

அன்றுமுதல் மீன்களுக்குச் சம்பந்தி மரியாதை கிடைத்தது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கான் தண்ணீர். கிழமைக்குக் கிழமை பழைய தண்ணீர் குறைந்து, ஒரு கட்டத்தில் தொட்டி முழுவதும் பில்டர் தண்ணீராகிவிட்டது. கண்ணாடியில் வெள்ளைக் கோடு இல்லை. அவளுக்குப் பெருமை.

பிறகு மீன்கள் நடுங்கத் தொடங்கின. செட்டைகளை மடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே, குளிர்காய்ச்சல் பிடித்தவர்கள் போல இரண்டு பக்கமும் ஆடின. வன்னி வெயிலில் மீனுக்குக் குளிர்காய்ச்சல்.

வைத்தியர்களுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "கண்ணூறு, தங்கச்சி. வாறவை போறவை எல்லாருக்கும் காட்டினனீர்தானே" என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். வீடு முழுக்க எல்லோரும் தும்மினோம். மீன்கள் மட்டும் தும்மவில்லை. என் மைத்துனர் ஆசுபத்திரியில் தனக்கு முன்பு கொடுத்த காய்ச்சல் குளிசையில் பாதியைக் கரைத்து விடச் சொன்னார். கடைக்காரரிடம் போனேன். அவர் முல்லைத்தீவில் இருந்து இடம்பெயர்ந்து போய் வவுனியாவிலேயே வியாபாரத்தை ஊன்றிய முஸ்லிம் மனிதர். நான் வாயைத் திறக்க முன்னரே நீலத்தில் ஒரு போத்தல், பச்சையில் ஒரு போத்தல், மஞ்சளில் ஒரு போத்தல் என்று மேசையில் வைத்தார். மூன்றையும் விட்டோம். தொட்டி கோயில் திருவிழா மாதிரி இருந்தது. மீன்கள் அதே நடுக்கம்.

கடைசியாக என் முறை. ஒருவரும் பார்க்காத நேரம் சாமியறையிலிருந்து ஒரு பிடி திருநீற்றை எடுத்து, அம்மாளாச்சியை நினைத்துத் தொட்டிக்குள் போட்டேன். நம்பினால் நம்புங்கள், அடுத்த நாள் நடுக்கம் குறைந்தது. செட்டை விரிந்தது. நான் வீட்டுக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அடுத்த தண்ணீர் மாற்றத்தோடு நடுக்கம் திரும்பவும் வந்தது. நெஞ்சும் பழைய இடத்துக்குப் போனது. பிறகு ஒவ்வொன்றாக மிதந்தன.

பெரிய கறுப்பு மொலி செத்த அன்று மனைவி அதைச் செவ்வரத்தை மரத்தடியில் தாட்டாள். குசினிக்குள் வந்தாள். கானைத் திறந்து, செம்பில் எடுத்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.

"மீனைக் கொன்ற தண்ணியை நான் குடிக்கமாட்டன்" என்றாள்.

"விசர்க் கதை கதையாதையும். டொக்டர் சொன்னவரல்லோ."

"டொக்டர் மீன் வளர்த்தவரோ? கிணத்துத் தண்ணியில குட்டி போட்டதுகள். பில்டர் தண்ணியில செத்துப்போச்சுதுகள். உங்கட கண்ணாலதானே பார்த்தனீங்கள்?"

என் கண்ணாலேதான் பார்த்தேன். அதுதான் பிரச்சினை. அவள் வாளியை இறக்கிக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி, எனக்கு முன்னால் மடமடவென்று குடித்தாள். அடுத்த கிளினிக் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மெசின், மெசின் என்று டொக்டர் சொன்னது என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இது நாலு சுவருக்குள் நின்றதா? பக்கத்து வீட்டு அக்கா கோயிலில் சொன்னார். கோயில் சந்தைக்குச் சொன்னது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் எனக்கே சொன்னார்: "அண்ணை, தெரியுமே? பில்டர் தண்ணி குடிச்ச மீனெல்லாம் இரத்தம் கக்கிச் செத்ததாம். ஆர் வீட்டிலயோ." எங்கள் வீட்டு மீன்கள் ஒரு சொட்டு இரத்தமும் கக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிச்சமிருந்த மீன்களையாவது காப்பாற்றினால் அவளுடைய கோபம் தணியும் என்று நினைத்து மறுபடி வவுனியாவுக்குப் போனேன். இந்த முறை தொட்டித் தண்ணீரில் ஒரு போத்தல், கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுபோய், கடைக்காரரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

"நானா, மருந்து வேண்டாம். மூண்டு நிறமும் பார்த்திட்டன். என்ன பிழையெண்டு சொல்லுங்கோ."

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"பில்டர் தண்ணி."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மொலிக்கா? முதலே சொல்லியிருக்கலாமே."

"முதலே கேட்டிருக்கலாமே."

அவர் சிரித்துவிட்டு இரண்டு சின்னக் குழாய்களில் தண்ணீரை எடுத்து, இரண்டிலும் ஒரே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கிணற்றுத் தண்ணீர் நீலமாகியது. தொட்டித் தண்ணீர் மஞ்சளாகியது.

"இதுதான் பி.எச். மஞ்சள் எண்டா புளிப்புப் பக்கம், நீலம் எண்டா காரப் பக்கம். வன்மை எண்டுறது வேற, அது தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு மாதிரிச் சாமான். ஆனா ரெண்டுக்கும் சொந்தம் இருக்கு. மீன் கழிக்கிறதால தண்ணி நாளுக்கு நாள் புளிச்சுக்கொண்டு போகும். சுண்ணாம்பு இருந்தா அந்தப் புளிப்பைப் பிடிச்சு அமத்தும். பில்டர்ல அதை எல்லாம் எடுத்தாச்சு, பிடிக்க ஆளில்ல. அதோட மொலி கல்லுத் தண்ணி மீன். அதுக்கு உங்கட கிணறு சுவர்க்கம்."

திருநீறு போட்டதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரிக்காமல், "சாம்பல்தானே, அதிலயும் காரம் இருக்கு. கொஞ்ச நேரம் புளிப்பை முறிச்சிருக்கும்" என்றார். வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். அம்மாளாச்சி காரத்தைக் கொண்டு வேலை செய்யக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? நான்தான் தண்ணீர் மாற்றும்போது அவ செய்த வேலையை அள்ளி வெளியே ஊற்றிவிட்டேன்.

கடைக்காரர் சொன்னபடி ஒரேயடியாக மாற்றாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தேன். மிச்ச மொலிகளின் நடுக்கம் நின்றது. செட்டை விரிந்தது. ஒன்றுக்கு வயிறும் பெருத்தது. நான் வெற்றியோடு மனைவியைப் பார்த்தேன். அவள் அதைவிடப் பெரிய வெற்றியோடு என்னைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களே? கிணத்துத் தண்ணி விட்டவுடன எழும்பீட்டுதுகள்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மீனைக் காப்பாற்றக் காப்பாற்ற மனைவி கையைவிட்டுப் போகிறாள். மீன்கள் துள்ள, அவள் இன்னும் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் குடித்தாள். விளக்கப்படுத்தப் பார்த்தேன். இரண்டு போத்தலில் இரண்டு தண்ணீரும் எடுத்து, சவர்க்காரத் துருவல் போட்டுக் குலுக்கிக் காட்டினேன். பில்டர் தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது. கிணற்றுத் தண்ணீரில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைக் கசடு.

"இதுதான் வன்மை. விளங்குதே?"

"நானென்ன சவர்க்காரமே?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

கோயிலில் போய் நின்று அழுதேன். உண்மையாகவே அழுதேன், இதில் பகிடி இல்லை. திரும்பி வந்து அடுத்த பஸ்ஸில் வவுனியாவுக்கு ஏறினேன். கல்லுத் தண்ணீரில் வாழ முடியாத மீன் ஏதும் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டேன். நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட, நக நீளத்து மீன்களைக் காட்டினார். நியோன் என்று பெயராம். "இது மென்மையான தண்ணி மீன். மூண்டு பங்கு பில்டர், ஒரு பங்கு கிணறு கலந்து விடுங்க. உங்கட கிணத்துத் தண்ணியில தனிய விட்டா தாங்காது." அதுகளுக்கென்று இன்னொரு தொட்டியையும் அவர்தான் தந்தார். பழைய தொட்டியில் தண்ணீரை வடிக்கிற பஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் புதியதில் வைக்கவும் சொன்னார், தண்ணீரைப் பழக்குகிற நல்ல கிருமிகள் அதில் இருக்குமாம்.

மனைவி நியோன்களைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். அறைக்குள் வெளிச்சம் போடாமலே அதுகள் மின்னின. கொஞ்சநாளில் அதுகளுக்கும் தாயாகிவிட்டாள். தாயானால் என்ன செய்வாள்? ஒரு காலை நான் பல் தீட்டிக்கொண்டு வர, கையில் கிணற்று வாளியோடு நியோன் தொட்டிக்கு முன்னால் நிற்கிறாள்.

"அதுகளுக்கும் இந்தத் தண்ணியைத் தனிய விடப்போறன். பில்டர் கலந்து கலந்து ஏன் அதுகளையும் கொல்லுறீங்கள்?"

நான் தடுக்கவில்லை. தடுத்தால் அதற்காகவே ஊற்றிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வழக்கம் அது.

"விடும். உம்மட மீன்தானே. ஆனா அதுகள் இந்தத் தண்ணிக்குத் தாங்காதெண்டு கடைக்காரர் சொன்னவர்."

"செத்துப்போமே?"

"ஓம் எண்டுதான் சொன்னவர்."

"வடிவாத் தெரிஞ்சுதான் சொன்னவரோ?"

"அவரின்ர தொழில். எனக்கென்ன தெரியும்? விட்டுப் பாருமன்."

வாளி தொட்டியின் விளிம்பில் இருந்தது. நியோன்கள் எல்லாம் சேர்ந்து கண்ணாடிக்குக் கிட்ட வந்தன, சாப்பாடு என்று நினைத்திருக்கும். அவள் அதுகளைப் பார்த்தாள். வாளியைச் சரிக்கவில்லை. நக நீளத்து மீன் விசயத்தில் துணிய மனம் வராத மனுசி, தன் சிறுநீரக விசயத்தில் எத்தனை செம்பு துணிந்திருந்தாள் என்று நான் மனதுக்குள் எண்ணினேன், வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாளி என் தலையில் சரிந்திருக்கும்.

வாளியை நிலத்தில் வைத்தாள்.

"மொலிக்கு ஒண்டு, இதுகளுக்கு ஒண்டு. அப்ப நான் எந்த மீன்?"

"கிளினிக்கில சொன்ன மீன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கிணற்று வாளியைக் கொண்டுபோய் மொலித் தொட்டிக்குள் விட்டாள். பிறகு குசினிக்குள் போய், கானைச் சரித்து, ஒரு தம்ளர் நிறைய ஊற்றி, மருந்து குடிப்பவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். "சப்பெண்டு கிடக்கு" என்றாள். எனக்கு அதைவிட இனிப்பான சொல்லை ஒருவரும் சொன்னதில்லை. இன்றுவரை அதைத்தான் குடிக்கிறாள். போன கிளினிக்கிலும், கூடவுமில்லை குறையவுமில்லை, அப்படியே இருக்கிறது என்றார்கள். எல்லாம் அம்மாளாச்சி கிருபை.

ஆனால் எங்கள் வீட்டுக்கு அப்பால் மீன்கள் இன்னமும் இரத்தம் கக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. கிளினிக் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்த ஒரு தாய், "மீன் செத்த கதை கேட்டாப்பிறகு நான் பில்டரை விட்டிட்டன் மகன்" என்று என்னிடமே சொன்னா. அன்று எடுத்த பேனையைத்தான் கீழே வைக்காமல் எழுதினேன். இதை வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: உங்கள் ஆட்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மொலி செத்தது, அதுக்கு வேண்டிய கல் தண்ணீரில் இல்லாமல் போனதால். தண்ணீரில் நஞ்சு இருக்கவில்லை. மீனுக்குப் பொருந்தாதது மனுசருக்கும் பொருந்தாது என்று ஆகாது. என்னைப் பற்றிச் சிரிக்க விரும்பினால் எவ்வளவும் சேர்த்துச் சிரியுங்கள். தண்ணீரைப் பற்றிச் சொன்னதில் மட்டும் ஒரு சொட்டும் கூட்டாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் அடுத்தவரிடம் கொடுங்கள்.