இரண்டு மீனுக்கு வந்த ஸ்கிம்மர்

என் தங்கை சியோக்லானின் புருஷன் பூன்ஹோ, தைவானின் தைனான் நகரில் தெருப்பந்தல் விருந்துக்குச் சமைப்பவர். பத்து மேசை என்றால் பன்னிரண்டுக்குச் சமைப்பார். அதே தாராளக் கையோடு, இரண்டு மீன் நீந்தும் சின்னக் கடல்நீர்த் தொட்டிக்கு, அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை இடுப்புயரத்துக்கு வாங்கிவந்தார். வாரக்கணக்காகியும் அதன் கோப்பையில் நுரை ஏறவில்லை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நுரை வரலன்னா தொட்டி வெளிய போயிடும்," என்றாள் தங்கை.

அதை விற்ற கடைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "அண்ணே, ரெண்டு மீனோட அழுக்கு இதுக்கு எந்த மூலைக்கு? தொட்டிக்குத் தக்க மாதிரி சின்னதா மாட்டுங்க."

"ரெண்டு விருந்தாளிக்கு இருபது மேசை போட்டிருக்காரு," என்றாள் தங்கை.

பூன்ஹோ சின்னதை வாங்கி மாட்டினார். சனிக்கிழமை கோப்பை நிறையப் பழுப்பு நுரை. அதைப் பெருமையாக அவள் மூக்கருகே நீட்டினார்.

மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சொன்னாள்: "தொட்டி உள்ள இருக்கட்டும். நீங்க வெளிய போங்க."