கடிக்க முடியாத கடலை உருண்டை

நான் வேலை பார்க்கும் கம்பெனி தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் இருக்கிறது. கார்களுக்குப் போகும் ரப்பர் வளையங்கள் செய்கிறோம். செய்து முடித்த வளையங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ குமிழோ இருந்தால் ஒதுக்கிப் போடுவது என் வேலை. ஏழு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறுவேன். வழியில் கவரப்பேட்டையில் வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் அங்கேதான் ஏறுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நாள், கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியோடு ஒரு பெண் ஏறினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். படியை ஒட்டி நின்றுகொண்டு, தயக்கமில்லாத குரலில் விஷயத்தைச் சொன்னார்.

அவரோடு சேர்த்து ஆறு அம்மாக்கள். ஆறு பேருடைய பிள்ளைகளுக்கும் பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. கைகால் சொன்னபடி கேட்பதில்லை. பயிற்சி கொடுத்தால் தேறுவார்கள். ஆனால் அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி இறங்கி எத்தனை நாள் போக முடியும்? அதனால் கவரப்பேட்டையிலேயே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, பயிற்சி கொடுக்கிறவரைச் சனிக்கிழமைதோறும் வரவழைக்கிறார்கள். அவருக்குக் கொடுக்கவும் வாடகைக்கும் கடலை உருண்டை செய்து விற்கிறார்கள். ஒரு பொட்டலம் பத்து ரூபாய்.

அன்றைக்குப் பஸ்ஸில் வாங்காதவர் யாருமில்லை. நானும் வாங்கினேன். வண்டி கிளம்பியதும் ஒன்றை வாயில் போட்டேன். பல் இறங்கவில்லை. கடைவாயில் வைத்து அழுத்தியபோது உருண்டை உடைவதற்குப் பதிலாகப் பல்தான் உடையும் போலிருந்தது. பக்கத்து சீட்டுக்காரி கையால் வாயை மறைத்துக்கொண்டு துப்பினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அந்த அக்கா வாரம் மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் வாங்கினேன். வீட்டில் சமையலறை அலமாரியில் பொட்டலங்கள் சேர்ந்தன. இதையெல்லாம் யார் தின்பது என்று என் கணவர் கேட்டார். தின்பதற்காக வாங்கவில்லை, ஒரு உதவிக்காக வாங்குகிறேன் என்றேன். சொல்லும்போதே மனசுக்குள் ஒரு இதம் இருந்தது. ஒரு நாள் அந்தப் பொட்டலத்தைப் படம் எடுத்து, நீங்களும் வாங்குங்கள் என்று எழுதி, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். நிறையப் பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். உருண்டை எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

இன்னொரு நாள், அலமாரியில் இருப்பதே போதும் என்று தோன்றியதால், ஐம்பது ரூபாயை நீட்டி, உருண்டை வேண்டாம் அக்கா, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்டி வாணாம் மேடம். பொருள எடுத்துகினு காசு குடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லார் முன்னாலும் என் கை அந்தரத்தில் நின்றது. ஐந்து பொட்டலம் வாங்கிக்கொண்டேன். மனசு வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லையே என்று கம்பெனி போய்ச் சேரும்வரை உள்ளுக்குள் புகைந்தது.

எங்கள் பஸ் ஓட்டுநருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் பேசமாட்டார். எங்களை இறக்கிவிட்ட பிறகு வண்டியை அவரேதான் கூட்டுவார். ஒரு திங்கட்கிழமை, கவரப்பேட்டையில் அந்த அக்கா வாளியோடு ஏறியபோது, அவர் இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். கையில் ஒரு கேரி பேக். அதைத் திறந்து அக்காவிடம் காட்டினார்.

"இதெல்லாம் உங்க உருண்டைதாம்மா. வண்டி கூட்டறப்ப சீட்டுக்குக் கீழ கெடக்குது. தெனமும் கெடக்குது."

அக்காவுக்கு உடனே விளங்கவில்லை. பையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்குறாங்க, ஆனா யாரும் துன்றதில்ல," என்றார் ஓட்டுநர். "கடிக்க முடியலம்மா. பாகு முறுகிப் போவுது. நானே ரெண்டு தபா கடிச்சிப் பாத்துட்டேன்."

"எத்தினி நாளா இப்டி?"

"மொத நாள்லேர்ந்தே."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் யாருமே சொல்லல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அந்தப் பையை வாங்கி வாளிக்குள் போட்டு மூடிக்கொண்டு, ஒரு பொட்டலம்கூட விற்காமல் இறங்கிப் போனார்.

வண்டி நகர்ந்ததும் பஸ்ஸில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பாவம், அவள் பிழைப்பில் மண் போட்டாயிற்று, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், இல்லாவிட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஓட்டுநரைத் திட்டினார்கள். நானும் அந்தப் பக்கம்தான். சாயங்காலம் இறங்கும்போது மனசு கேட்காமல் அவரிடமே கேட்டேன். நீங்கள் அப்படிச் செய்தது சரியா அண்ணா என்றேன்.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "கம்பெனில உனுக்கு இன்னாம்மா வேல? நல்லது கெட்டது பாத்துச் சொல்றதுதான? ரப்பருக்குச் சொல்ற. அந்தம்மாவுக்குச் சொல்லல."

அக்கா அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இரண்டாவது சனிக்கிழமை எனக்கு விடுமுறை. விசாரித்துக்கொண்டு கவரப்பேட்டைக்குப் போனேன். ஒரு ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

அறையின் ஒரு பாதியில் பாய் விரித்திருந்தது. பயிற்சி கொடுக்கும் இளைஞர் ஒரு பையனின் முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். சுவரை ஒட்டி, பிடித்து நடக்க இரும்புக் குழாய்கள். பின்கட்டில் கேஸ் அடுப்பு. அக்கா வியர்வையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்க மேடம். நீங்க கம்பெனில செக்கிங் பாக்கறவங்களாமே. டிரைவர் அண்ணா சொன்னாரு."

அப்போதுதான் தெரிந்தது, ஓட்டுநர் பையைக் காட்டிய அன்றைக்குச் சாயங்காலமே பைக்கில் அங்கே வந்திருக்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்து, செய்ததையெல்லாம் தின்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பற்றிப் பஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் திட்டியதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா என் முன்னால் மூன்று தட்டுகளை வைத்தார். "சொல்லுங்க. எனுக்காகப் பொய் சொல்லாதீங்க."

முதல் தட்டில் இருந்ததைக் கடித்தேன். இது கடினமாக இருக்கிறது அக்கா, முடியவில்லை என்றேன். இரண்டாவது பல்லுக்குப் பதமாக இருந்தது; ஆனால் கடலை கருகிக் கசந்தது. அதையும் சொன்னேன். மூன்றாவது கையிலேயே உதிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவரிடம் நான் பேசிய முதல் உண்மை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அதற்குள் அவரே கண்டுபிடித்திருந்தார். வெல்லப்பாகு பதத்துக்கு வரும் நேரம் கொஞ்சமே கொஞ்சம். அந்த நேரத்தில் கண்ணை எடுக்கக் கூடாது. ஆனால் பாயில் அவருடைய பெண் இருக்கிறாள், பதினோரு வயது. உட்காரவைத்தால் சில நேரம் பக்கவாட்டில் சரிந்துவிடுவாள்.

"அவ சரிஞ்சா நான் ஓடுவேன். நிமித்தி ஒக்கார வச்சிட்டு வரத்துக்குள்ள பாகு போயிடும். எங்க ஆறு பேருக்கும் இதே கததான். யாரு அடுப்புல நின்னாலும் அவங்கவங்க புள்ள கூப்டும்."

ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பாகு அடுப்பில் இருக்கும்போது, அதைக் கிண்டுகிறவர் தன் பிள்ளை கூப்பிட்டாலும் போகக் கூடாது. வேறொரு அம்மா போவார்.

நான் இருக்கும்போதே அடுத்த ஈடு போட்டார். வெல்லம் கரைந்து நுரைத்துப் பொங்கியது. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தார், கரைந்தது. மறுபடியும் கிண்டினார். அந்த நேரத்தில் முன்னறையிலிருந்து, "ம்மா," என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். இன்னொரு முறை, கொஞ்சம் அழுகையோடு கூப்பிட்டாள். நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அக்கா நகரவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். முன்னறையில் வேறொரு அம்மா, "வந்துட்டன்டா கண்ணு," என்று போவது கேட்டது. அழுகை நின்றது. அக்கா தண்ணீரில் இன்னொரு சொட்டு விட்டார். அது விரலுக்கு அடங்கி உருண்டது. அடுப்பை அணைத்து, வறுத்த கடலையை அள்ளிக் கொட்டினார்.

சூடு பொறுக்கும் பக்குவத்தில் எல்லாரும் உட்கார்ந்து உருட்டினோம். ஆறியதும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மொறுக்கென்று உடைந்தது, வெல்லமும் கடலையும் சரியாகச் சேர்ந்திருந்தன. சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றேன். சுக்கைக் குறைக்கமாட்டேன், பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்றார். முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் ஏறினார். நேராக ஓட்டுநரிடம் போய் ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஓட்டுநர் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றார். பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, இன்னொரு பொட்டலமும் கேட்டு வாங்கிக்கொண்டார். மீதிப் பேருக்கு அது போதுமாக இருந்தது. பின் சீட்டில் ஒருவர் மட்டும் தனக்கு வெல்லம் ஆகாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். அக்கா அதற்கு முகம் மலர்ந்து, பரவாயில்லை சார் என்று அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

இப்போது அவர் தன் கதையைச் சொல்வதில்லை. வாளியைத் திறந்து, உருண்டை என்பார், அவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலருக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தெரியாது. பிடித்திருக்கிறது, வாங்குகிறார்கள். பயிற்சிக்காரர் சனியோடு புதன்கிழமையும் வருகிறார்.

போன ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லாத் தொழிலாளிகளுக்கும் கடலை உருண்டை கொடுக்க முடிவு செய்து, அக்காவைக் கூப்பிட்டார்கள். அவரைப் பற்றி எடுத்துச் சொன்னவள் என்ற முறையில் நானும் ஆபீஸ் அறையில் இருந்தேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கேட்டதில் பாதிதான் அந்தத் தேதிக்குள் நன்றாகச் செய்து தர முடியும் என்றார். அதிகாரி நல்ல மனிதர். பாதியைக் கொடுங்கள், பணத்தை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை நன்கொடையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு என் ஐம்பது ரூபாய் நினைவுக்கு வந்தது.

"ஆர்டர் வேற, உதவி வேற சார்," என்றார் அக்கா. "பாதி சரக்குக்குப் பாதி காசு குடுங்க. உதவி பண்ணணும்னு நெனச்சா ஒரு நாள் எங்க எடத்துக்கு வந்து பாருங்க. இன்னா தேவைன்னு நான் சொல்றேன். அத வாங்கிக்கறதுல எனுக்கு வெக்கமில்ல."

அவர் உதவியையே மறுக்கிறவர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாங்குகிறவர் வாங்குகிறவராக வர வேண்டும், கொடுக்கிறவர் கொடுக்கிறவராக வர வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்குள் ஒளித்துக்கொண்டு வரக் கூடாது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தார். அந்த அறைக்கு ஏற இரண்டு உயரமான படிகள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை ஏற்ற இறக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். படிக்குப் பதிலாக ஒரு சாய்தளம் போட்டுத் தர முடியுமா என்று அக்கா கேட்டார். கம்பெனி சிமெண்டும் கொத்தனாரும் கொடுத்தது. கைப்பிடிக் கம்பிக்கு எங்கள் ஷிப்டில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். ஓட்டுநரும் போட்டார். கொடுத்த ஒவ்வொருவருக்கும் அக்கா கையெழுத்துப் போட்டு ரசீது கொடுத்தார்.

பூச்சு காய ஒரு வாரம் யாரையும் அதில் கால் வைக்க விடவில்லை. எட்டாம் நாள் நானும் போயிருந்தேன். அக்கா தன் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்புப் பட்டையை மாட்டி, தெருவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். மறுபக்கம் பிடிக்க நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். தனியாகவே தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். வாசலில் நாற்காலியைத் திருப்பி, மெதுவாக இறக்கி, மறுபடி ஏற்றினார். அம்மாக்கள் ஐந்து பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை மேலே வந்து மூச்சு வாங்க நின்றபோது, அந்தப் பெண் தலையை அண்ணாந்து அம்மாவைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் திரட்டிச் சொன்னாள்:

"இன்... னொரு... தபா."

அக்கா மறுபடி கீழே இறக்கினார்.