சூப்பர்வைசருக்கு விட்ட கால்வாசி மருந்து

அத்தையிடம் ஒரு பாக்குவெட்டி இருந்தது. அத்தை வெற்றிலை போடுகிறவள் இல்லை. அதில் அவள் வெட்டியதெல்லாம் மாத்திரைதான். குழந்தைக்குக் காய்ச்சலா, பெரியவர்கள் மாத்திரையில் பாதி. தலைவலியா, முதலில் பாதி போட்டுப் பார், நிற்காவிட்டால் மீதி. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் வைத்தியம். அத்தை அதில் கொஞ்சம் கைதேர்ந்தவள், அவ்வளவுதான். "உடம்பு இன்னா லாரியாடி, ஃபுல் டேங்க் அடிக்க?" என்று கேட்பாள். வெட்டும்போது சிந்திய பொடியைக்கூட வீணாக்காமல் விரலில் ஒற்றி, நமக்கே ஊட்டிவிடுவாள். கசக்கும். முகத்தைச் சுளித்தால் ஒரு குட்டு விழும்.

அவள் என் அப்பாவின் தங்கை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் பட்டன் தைக்கும் மிஷினில் இருந்தவள். மாமா அதே எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில். பக்கவாதம் வந்து மாமாவின் வலப்பக்கம் விழுந்துவிட்ட பிறகு அத்தை வேலையை விட்டாள். மாமாவுக்குப் பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது சொற்பம்: தண்ணி, வா, போ. அதற்கே தாடை நடுங்க நெடுநேரம் முயல வேண்டும். ஆனால் ஒரே ஒரு சொல் மட்டும் தடங்கல் இல்லாமல், பழைய குரலிலேயே வந்தது. சூப்பர்வைசர்.

அது ஒரு பூனையின் பெயர். மாமா நன்றாக நடமாடிய காலத்தில் தானாக வந்து சேர்ந்த சாம்பல் நிறப் பூனை. ஒரு எலிகூடப் பிடித்ததில்லை. அறை அறையாகப் போய் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நடுக்கூடத்தில் படுத்துக்கொள்ளும். "எங்க கம்பெனி சூப்பர்வைசர் அச்சு அசலா இதே மாரிதான்" என்று மாமா வைத்த பெயர் அது. அத்தைக்குப் பூனை என்றாலே ஆகாது. பாலைத் தட்டிவிட்டது, மெத்தையில் முடி என்று நாளெல்லாம் புகார். ஆனால் மாமா கூடத்துக் கட்டிலில் படுத்த படுக்கையான பிறகு, அது வரும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்து வைப்பவள் அவள்தான். பூனை ஏறி மாமாவின் இடது கைக்குள் சுருண்டுகொள்ளும். அவர் தடவியபடி, "சூப்பர்வைசர், வா" என்பார். சேர்த்தாற்போல் அந்த மனிதர் பேசிய முதல் இரண்டு சொற்கள் அவைதான். "இது வந்தாத்தான் இவரு வாயத் தொறக்கறாரு. எனக்குக் கூட இம்மாம் பேச்சு கிடையாது" என்று அத்தை சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு கோடையில் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தது. பூனையோடு நிற்காமல் மெத்தைக்கும் வந்தது. மாமாவின் கால்களில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அவரால் எட்டிச் சொறிந்துகொள்ள முடியாது. அரிக்கிறது என்று சொல்லவும் வராது. கண்ணில் நீர் வழியப் படுத்திருப்பார். உறவுக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பூனையைச் சாக்கில் போட்டுச் செம்பரம்பாக்கம் பக்கம் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். "இத்த இட்டுகினு போனா இவரு வாயும் சேந்து பூடும், நீ காப்பிய குடிச்சிட்டுக் கெளம்பு" என்றாள் அத்தை.

எதிர்வீட்டில் பெரிய நாய் ஒன்று இருந்தது. மாதாமாதம் அதன் பிடரியில் ஒரு ட்யூப் சொட்டு மருந்து விடுவார்கள்; உடம்பில் ஒரு பூச்சி இருக்காது. அத்தை போய்க் கேட்டாள். பூனைக்கு என்று சொல்லாமல், பூச்சிக்கு என்று மட்டும் சொல்லிக் கேட்டாள். அவர்களும் ஒரு ட்யூபைக் கொடுத்தார்கள். நாய் அவ்வளவு பெரிது, பூனை இவ்வளவு சிறிது. அதனால் பாதிகூட வேண்டாம், பாதியிலும் பாதி. தன் வழக்கப்படி மிகுந்த ஜாக்கிரதையோடுதான் அத்தை அந்த மருந்தைப் பூனையின் பிடரியில் விட்டாள்.

மறுநாள் காலை நான் போனபோது பூனையைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "குளுரு போலக்கீது, வெடவெடன்னு நடுங்குது பாருடி" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காது துடித்தது, பாதங்கள் உதறின, பிறகு உடம்பே தூக்கிப் போட்டது. நான் கால்நடை மருத்துவர் ஒருவருக்கு ஃபோன் செய்தேன். அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "மேல ஏதாவது மருந்து போட்டீங்களா?" அத்தை சொன்னாள். மருத்துவர், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைக் கலந்து மருந்து பட்ட இடத்தைக் கழுவுங்கள், துடைத்துச் சுற்றிக்கொள்ளுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ட்யூபையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றார். 

ஊசி போட்டு, சலைன் ஏற்றி, பூனையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். "கொஞ்சமாத்தான் வுட்டேன் டாக்டரம்மா, கால்வாசிதான்" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். மருத்துவர் கோபப்படவில்லை. "நாயோட ஈரல் இந்த மருந்த ஒடைச்சு வெளிய தள்ளிடும்மா. பூனையோட ஈரலுக்கு அது முடியாது. இதுல பாதி, கால்னு கணக்கே கெடையாது. பூனைக்குன்னே தனி மருந்து இருக்கு, அதோட எடைய பாத்து நாங்களே தருவோம்" என்றார். பிழைக்குமா என்று அத்தை கேட்டதற்கு, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது அத்தை ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கள்ளிக்குப்பம் திருப்பத்தில் என் தோளைப் பிடித்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். "உன் மாமனுக்கு பிரஷர் மாத்திர குடுத்தாங்க இல்ல, விழறதுக்கு முன்ன. மயக்கமா வருதுன்னாரு. நல்லாத்தான கீறாரு, எதுக்கு முழுசுன்னு பாதியாக்கிட்டேன்டி. யாருகிட்டயும் கேக்கல." அவ்வளவுதான் சொன்னாள். முழு மாத்திரை போட்டிருந்தால் மாமா விழுந்திருக்க மாட்டார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதை நான் சொன்னேன். வண்டியை எடு என்று கையைக் காட்டினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா, "சூப்பர்வைசர்?" என்றார். "டூட்டிக்குப் போயிருக்குதுய்யா, வந்துரும்" என்று சொல்லிவிட்டு அத்தை சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

பூனை பிழைத்து வந்தது, பாதியாக இளைத்து. நன்றாகத் தேறிய பிறகு போடச் சொல்லி மருத்துவர் ஒரு ட்யூப் கொடுத்திருந்தார், பூனைக்கென்றே உள்ளது. அத்தை அதைத் தொடவில்லை. மருந்து என்றாலே அவளுக்குப் பயம். மாமாவின் மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கக்கூட நான் போகவேண்டியிருந்தது. மெத்தையை வெயிலில் போட்டும், போர்வைகளை வெந்நீரில் அலசியும் பூச்சி முழுதாக ஒழியவில்லை.

இன்று நான் ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்ககத்தில் பூனையோடு இருக்கிறேன். மருந்து இப்போது ஃபோனில் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. நாய்க்குரியதும் பூனைக்குரியதும் திரையில் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன. படிக்காமல் ஒன்றைத் தட்டிவிடுவது மிகச் சுலபம். நான் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை. பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கும்போதெல்லாம் அந்தக் கூடத்தில் போய் நின்றுவிடுகிறேன். மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. கூடத்தில் அன்று நடந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

பூனை நன்றாகத் தேறியிருந்த அந்த நாள், "நீயே வுட்டுடுடி" என்று அத்தை அந்த ட்யூபை என்னிடம் நீட்டினாள். நீட்டியவள் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். "உன் மாத்திரயையும் நான் பாதிதான்யா குடுத்தேன்" என்று மாமாவிடம் சொன்னாள். தெளிவாக, அழாமல் சொன்னாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையணையில் சாய்ந்திருந்த அவர் மடியில் பூனை இருந்தது. இடது கையை என் பக்கம் நீட்டி ட்யூபைக் கேட்டார். தானே போடப்போகிறார் என்று நினைத்துத் திருகு மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை அத்தையின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். தாடை நடுங்கியது. நாங்கள் காத்திருந்தோம். "நீ" என்றார். பிறகு அவரிடம் அதுவரை இல்லாத ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து, "போடு" என்றார்.

அத்தை அப்போதுதான் அழுதாள். அழுதபடியே பூனையின் பிடரி முடியை விலக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் முழுசாக விட்டாள்.