குளிரறையில் நுளம்பு

வேலைச் சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு, பிரேமர்ஹாபன் ஆற்றங்கரை வழியே ஆய்வுகூடத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வாசலில் என் கதவு அட்டையை வாங்கிக்கொண்ட ஆய்வாளர் அம்மா, ஃபிராவ் லோரென்சன், "ஷோனன் ஃபையராபெண்ட்" என்று சொல்லித்தான் அனுப்பினார். வேலை முடிந்தது, நன்றாக இளைப்பாறுங்கள் என்று அர்த்தம். இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாத விஷயம் இது. ஊரில் என்றால் இப்படி ஒரு பிழைக்கு முதலாளி தெரு முழுக்கக் கேட்க ஏசியிருப்பார். வேலை போய்விட்டதா, மிஞ்சியிருக்கிறதா என்பது ஏச்சிலேயே தெரிந்துவிடும். இங்கே எல்லாம் அடங்கிய குரலில் நடக்கிறது. எனக்கோ தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. அடுத்த கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், விசாவுக்குக் குறித்த நாள். வேலை இருந்தால் தங்கலாம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் கோழிக்கடை, கட்டாரில் கட்டடம், இத்தாலியில் தக்காளித் தோட்டம் என்று அலைந்து, கடைசியில் கடலடிச் சேற்றைக் காக்கும் இடத்தில் துப்புரவு வேலைக்கு வந்து சேர்ந்தேன். கப்பலில் போய், ஆழத்தில் குழாய்களை இறக்கி, சேற்றைக் குலையாமல் அப்படியே எடுத்து வருகிறார்கள். குளிரறையில் அந்தக் குழாய்கள் நிமிர்ந்து நிற்கும். மேலே மண்ணிறம், கீழே போகப் போகக் கறுப்பு, அடியில் கூழ்முட்டை மணம். மேலே உள்ள பாக்டீரியாக்களுக்குக் காற்று வேண்டும், கறுப்பில் உள்ள பலவற்றுக்குக் காற்றுப் பட்டாலே சாவு என்று லோரென்சன் ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரு தேக்கரண்டிச் சேற்றில் அத்தனை வகை. பலவற்றுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லையாம். பெயரில்லாமலே இவ்வளவு பத்திரமாக இருக்கின்றனவே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதுவரை மூடிய குழாய்களே வந்தன. அன்று காலை வந்தவை திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் சேற்றுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் தேங்கி நின்றது. எங்கள் பக்கம் பறவைக்கு வைத்த சிரட்டையில் தண்ணீர் நின்றாலும் நுளம்பு முட்டையிடும் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுவார். என் தம்பி டெங்குவில்தான் போனான். அதற்குப் பிறகு தேங்கிய தண்ணீரைக் கண்டால் கை தானாகப் போகும். சின்ன ரப்பர்க் குழாயை வைத்து உறிஞ்சி, சேறு கலங்காமல் எல்லாத் தண்ணீரையும் வாளியில் இறக்கிக் கொட்டினேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

மத்தியானம் லோரென்சன் வந்து பார்த்தார். ஏன் என்று கேட்டார்.

"நுளம்பு" என்றேன், எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச்சில், ஜெர்மன் மொழியில்.

அவர் அறையின் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இங்கே நான்கு பாகை குளிர். எங்கே நுளம்பு?"

"இங்கே இல்லை. வரும்."

"எப்போது?"

நான் காலி வாளியைத் தூக்கிக் காட்டினேன். அது கடலடித் தண்ணீர் என்றும், அது இல்லாமல் மேற்படை கெட்டுவிடும் என்றும் அவர் மெதுவாக விளக்கினார். பிறகு ஒரு முக்காலியில் உட்கார்ந்து குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எழுந்தபோது குளிரறையைப் பூட்டினார். வாசல் வரை கூடவே வந்து என் அட்டையைக் கேட்டார்.

நடந்தபடியே யோகன் அண்ணைக்குப் போன் அடித்தேன். அகதியாக வந்து, ஆற்றைக் கடக்கும் படகில் வேலை செய்தே தலை நரைத்தவர்.

"அண்ணை, ஒரு வேலை வேணும். நாளைக்கே."

"ஏன்ரா, சேறு முடிஞ்சுதோ?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"கடலுக்கடித் தண்ணிக்கு நுளம்பு வருமெண்டு பயந்த ஒரே ஆள் நீதானடா. டொச்சுக்காரன் உனக்குச் சிலை வைக்கவேணும்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. டெர்மின் வருது."

"வேலையால நிப்பாட்டிப்போட்டன் எண்டு சொன்னவவோ?"

"சொல்லேல்லை. அட்டையை வாங்கிட்டா."

"அப்ப கேளன்."

"ஏலாது அண்ணை. கேட்டா ஓம் எண்டு சொல்லிப்போடுவா."

அவர் அங்கே யாரையோ கூப்பிட்டு டொச்சில் கேட்டார். "சரி, விடிய வா. சங்கிலி பிடிக்க ஆள் தேடுறாங்கள். என்ர பேரைக் கெடுத்துப்போடாதை."

மறுநாள் காலை அந்த வாகனப் படகில் வேலைக்கு ஏறினேன். ஒரு கரையில் சங்கிலியைக் கழற்றிக் கார்களை ஏற்ற வேண்டும். மறு கரையில் கழற்றி இறக்க வேண்டும். இறங்கி நிற்க இரண்டிலும் நேரமில்லை. ஆற்றின் நடுவில் போன் அடித்தது. லோரென்சன்.

"எங்கே இருக்கிறீர்கள்? உங்கள் அட்டை வாசலில் இருக்கிறது. வேலை தொடங்கிவிட்டது. கீழ்ச்சேற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை வெட்டி எடுக்கிறோம். கழுவ ஆள் வேண்டும்." நேற்றைய அதே குரல்.

"தண்ணீரில்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, திரும்பவும் கேட்டார். யோகன் அண்ணை மேல்தளத்திலிருந்து கை காட்டினார், கரை வருகிறது என்று. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, பின்னால் சிறுத்துப் போகும் ஆய்வுகூடத்தின் கூரையைப் பார்த்தபடி, முன்பக்கச் சங்கிலியைக் கழற்றப் போனேன்.