பிடிக்காதவர் நடத்திய விசாரணை

இலாகா விசாரணையில் வாக்குமூலம் எழுதுகிற ஸ்டெனோவுக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. சர்க்கார் உத்தியோகத்தில் என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது எத்தனை கஷ்டம் என்று தெரியும்.

நகல்

நன்னிலம் பக்கம் குத்தகை விவசாயிகளின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிவந்தார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தனராஜ். பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபடி அவர்களை நிலத்தைவிட்டு இறக்க முடியாது. பெயர் ஏற்றக் குத்தகைக்காரர்களிடம் நெல் மூட்டை லஞ்சம் வாங்கினார் என்று ஒரு மிராசுதார் புகார் கொடுத்தார். நிரூபணமானால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரிக்க வந்த டெபுடி கலெக்டருக்குத் தனராஜைக் கண்டாலே ஆகாது; எதிர்த்துப் பேசுகிற ஆள் என்று பழைய கோபம். தனராஜ் புகாரின் நகல் கேட்டதும், ஆள் தொலைந்தார் என்றே நினைத்தேன். அதிகாரி முகத்தைச் சுளித்தபடியே நகலை நீட்டினார்.

"எனக்கு உங்களைப் பிடிக்கலைங்கிறது வேற. இது உங்க உரிமை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

குறுக்கு விசாரணை

மிராசுதார் வாக்குமூலம் சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். தனராஜ் கேள்வி கேட்பார் என்று அதிகாரி சொன்னதும், "என் வாசல்ல வந்து நின்னவன் என்னைக் கேள்வி கேட்கிறதா?" என்று சீறினார். ஆளுங்கட்சியில் தனக்கு யார் யாரைத் தெரியும் என்றும் சொல்லிப் பார்த்தார். அதிகாரி அசரவில்லை.

"கேட்கத்தான் செய்வார். பதில் சொல்ல இஷ்டமில்லேன்னா நீங்க சொன்ன அத்தனையையும் அடிச்சிடச் சொல்றேன். உட்காருங்க."

திரும்பிப் பார்த்த சாட்சி

உட்கார்ந்த மிராசுதார், மூட்டையைத் தான் பார்க்கவில்லை, தன் காரியஸ்தர்தான் பார்த்தார் என்றார். காரியஸ்தரை வரவழைத்தார்கள். நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தனராஜ் என்ன கேட்டாலும் முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில். அதிகாரி மிராசுதாரைப் பின்னால் உட்காரவைத்தார். காரியஸ்தர் உடம்பையே திருப்பிப் பார்த்தார்!

அதிகாரி அதட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் என்னிடம், "சாட்சி திரும்பி முதலாளியைப் பார்த்தார்னு எழுதுங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். கடைசியில் எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார். கேட்கக் கேட்கக் காரியஸ்தருக்கு வியர்த்துக் கொட்டியது. மூட்டையைப் பார்த்தீர்களா என்று தனராஜ் மறுபடி கேட்டபோது, அவர் திரும்பவில்லை.

"நான் பார்க்கலைங்க. பார்த்ததாச் சொல்லச் சொன்னாங்க."

கும்பிடு

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று அறிக்கை போனது. தனராஜின் வேலை தப்பியது. அவர் ஏற்றிய பெயர்களும் தப்பின. கண் கலங்கிக் கும்பிட வந்தவரை அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கோ அந்த மனிதர் காலில் விழலாம் போலிருந்தது.

"கும்பிடெல்லாம் வேண்டாம். நிரூபணமாயிருந்தா அதையும் இதே பேனாவாலதான் எழுதியிருப்பேன். போய் பஸ்ஸைப் பிடிங்க."

சக உத்தியோகஸ்தர்களே, நமக்கு ஒரு சோதனை வந்தால் நம்மைப் பிடித்தவர் விசாரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள், இப்படிப் பிடிக்காத ஒருவர் கிடைத்தால் போதும்.