கறுப்பு நூல் கட்டிய பெட்டி

போன வாரம் பக்கத்து வீட்டில் அடுப்படிக்கு அலமாரி செய்தார்கள். மூன்று நாள் ரம்பம் போட்டதில் மரத்தூள் என் வாசல்வரை பறந்து வந்தது. அந்த வீட்டுப் பெண் துடைப்பத்தோடு ஓடி வந்து, "கூட்டி விட்டுர்றேன் ஆன்ட்டி" என்றாள். "கெடக்கட்டும்லா, வாசமாத்தான இருக்கு" என்றேன். மரத்தூள் வாசனைக்குச் சிலருக்குப் புது வீடு ஞாபகம் வரும். எனக்குப் பாம்பு ஞாபகம் வரும்.

சிரிக்காதீர்கள். நான் பாம்பு வளர்த்துச் சம்பளம் வாங்கியவள். எண்பதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினேன். என் நிரையில் ஒரு மரத்துப் பட்டையிலும் காயம் இருக்காது; இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன். பிறகு மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். குலை வெட்ட ஆண்கள் போதும் என்றார்கள். ஈப்போ பட்டணத்துக்கு வந்து சிலிபின் பகுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

நாலு வீடு தள்ளி சபாபதி அண்ணன் இருந்தார். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஏதோ துறைமுகத்தில் யாரோ கொடுத்தார்களென்று ஒரு ஜோடி போவாப் பாம்பைக் கொண்டுவந்திருந்தார். நம் காட்டு மலைப்பாம்புக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷம் கிடையாது. முட்டையிடாது, குட்டியாகவே போடும். அவர் மனைவி, சந்திரா அண்ணி, "அது வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்" என்று சொல்லிவிட்டார். அதனால் பட்டணத்துக்கு வெளியே லகாட்டில் மூடிக் கிடந்த ஈயச் சுரங்கம் ஒன்றின் சாமான் கொட்டகையைப் பிடித்து, அங்கே வைத்திருந்தார். பெட்டி கழுவ, மரத்தூள் மாற்ற, எலி போட ஆள் தேடினார்.

"பாம்புன்னா பயமாம்மா?" என்று கேட்டார்.

"பால் காட்டுல அதுங்கதாண்ணே என்னைப் பாத்து ஓடுச்சுங்க."

"நாளைக்கே வந்துரு" என்றார்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால். அண்ணன் பெட்டிக்குப் பெட்டி சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். நான் கைப்பிடியில் கலர் கலராக நூல் கட்டிவிட்டேன். ஒரு மாதத்தில் அவரும் நூலைப் பார்த்துத்தான் பாம்பைச் சொன்னார். சீட்டெல்லாம் கரப்பானுக்குத்தான் போயிற்று.

அந்தப் பாம்புகளுக்கு ஒரு குறை உண்டு. பிறக்கும்போது உரித்த ரம்புத்தான் பழத்தோல் மாதிரி சிவப்பாக இருக்கும். மூன்று வயதுக்குள் மங்கி, ஈயக் குட்டைச் சேறு மாதிரி ஆகிவிடும். மங்காத சிவப்பு ஒன்று வேண்டும் என்பதுதான் அண்ணனுடைய பைத்தியம். ஓர் ஈற்றில் இருபத்துச் சொச்சம் குட்டி. அதில் சீக்கிரம் மங்குவதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவார். கடைசிவரை நிறம் தாங்குகிற பெண் குட்டியை வைத்துக்கொண்டு, அதைத் தாயாக்கி, அதன் குட்டிகளில் மறுபடியும் பொறுக்குவார். ஒரு தலைமுறைக்கு மூன்று நாலு வருஷம். அவருக்கு அப்போதே ஐம்பத்தெட்டு வயது. எத்தனை தலைமுறை பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை.

அவர் பளிச்சென்று இருந்த குட்டிகளையே சுற்றிச் சுற்றி வருவார். நான் சின்ன வயதில் தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள். இலை மினுமினுவென்று நின்ற கன்று, வளர்ந்து, பால் ஏந்த மங்கு மாட்டும்போது அரை மங்குகூடப் பால் தராததைப் பார்த்திருக்கிறேன். சொன்னேன்.

"பாம்பும் பால்மரமும் ஒண்ணாம்மா?" என்று சிரித்தார்.

"ரெண்டும் வளந்து காட்டுனாத்தாண்ணே தெரியும்."

நான் சேர்ந்த பிறகு பிறந்த ஈற்றில், இரண்டரை வருஷத்தில் மற்றவையெல்லாம் மங்கிப் போய், இரண்டு பெண் குட்டிகள் மிஞ்சின. ஒன்று சிவப்பு நூல், அவருடைய செல்லம். இன்னொன்று கறுப்பு நூல். பிறந்தபோதே அது அப்படியொன்றும் சிவப்பில்லை. ஆனால் இருந்த சிவப்பு குறையவும் இல்லை. என் கண் அதன் மேல் இருந்தது. இரண்டுக்கும் எலி வளர்த்து மாளவில்லை. தெலுக் இந்தானில் ராட்டினக் காட்சி நடத்துகிற ஒருவர் ஒன்றை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எதைக் கொடுப்பது, எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

இங்கே வெள்ளிக்கிழமைப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். லகாட்டில் பாம்பு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாலும் முட்டையும் மஞ்சள்பொடியுமாக வந்துவிட்டார்கள். "இது நாகம்மா இல்லம்மா, வெளிநாட்டுப் பாம்பு, எலி திங்கும்!" என்று அண்ணன் கத்துவார். "வெளிநாட்டுல இருந்தா சாமி இல்லையா?" என்று ஒரு கிழவி கேட்டாள். அவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பால் பூனைக்கு, முட்டை எனக்கு. மஞ்சள்பொடிப் பொட்டலங்கள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் கப்பல் சிநேகிதர் ஒருவர் பினாங்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணன் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டார். போன மறுநாளே சிவப்பு நூலின் செதிலுக்கு அடியில் பூச்சி கண்டேன், கடுகில் பாதி அளவு. கோழிப் புண்ணுக்கு எங்கள் அம்மா என்ன செய்வாள்? மஞ்சள். ஒரு தோம்புத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நாகம்மாவின் பொட்டலங்களையெல்லாம் கொட்டிக் கலக்கி, தினமும் அரை மணி நேரம் பாம்பை அதில் ஊறப் போட்டேன். பூச்சி செத்தது. பாம்பு சாயங்கால வானம் மாதிரி ஆரஞ்சாகிவிட்டது.

அண்ணன் பதினோராம் நாள் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அடேங்கப்பா! மங்கலைம்மா! செவப்பு ஏறியிருக்கு பாரு! நின்னுருச்சு!"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "ஒன் கை ராசிம்மா. இருபது வருஷம் பாம்பு வச்சிருக்கவனுக்குக்கூட இப்படிக் கைகூடாது" என்றார். தோட்டத்தில் என் சீவலைப் பார்த்துக் கங்காணி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்த வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் சந்திரா அண்ணியே லகாட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

சட்டை கழற்றிய பிறகுதான் நிறம் பார்க்க வேண்டும் என்பது அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அன்று அவரே அதை மறந்தார். கறுப்பு நூல் அப்போது சட்டை கழற்றும் தறுவாயில், கண்ணில் பால் படர்ந்து, சாம்பல் பூசினாற்போல் கிடந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குருடனும் சிவப்பு நூலைத்தான் எடுப்பான். அந்த வாரமே தெலுக் இந்தான்காரர் வேனோடு வந்தார். கறுப்பு நூல் கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தது நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஆறு வாரம் கழித்துச் சிவப்பு நூல் சட்டை கழற்றியது. நான் போனபோது அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, உரிந்த சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். பாம்புச் சட்டை வெள்ளையாக இருக்கும். இது கல்யாணப் பத்திரிகை ஓரம் மாதிரி மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் அதுவும் மங்கிப் போயிருந்தது; பெட்டிக்குள் கிடந்த பாம்பு சேற்று நிறம். அவர் சட்டையை மோந்து பார்த்தார்.

"மஞ்சளா?"

"ஆமாண்ணே. பூச்சி இருந்துச்சு."

சட்டையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன்.

கறுப்பு நூலைத் திருப்பிக் கேட்கத் தெலுக் இந்தானுக்குப் பஸ்ஸில் போனோம். ராட்டினம் நின்ற திடலில் புல் மஞ்சளித்து வட்ட வட்டமாகத் தடம் இருந்தது. வடக்கே போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு குட்டி பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று எனக்கும் வேலை முடிந்தது. கையுறைத் தொழிற்சாலைக்குப் போனேன்.

மூன்று வருஷமாவது ஆகியிருக்கும். ஈப்போவில் ஒரு திடலில் ராட்டினம் வந்திருந்தது. சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முன். பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் கூவிக்கொண்டிருந்தான். கிட்டே போனேன். பாம்பு தொடை கனம் வளர்ந்திருந்தது. பெட்டிக் கைப்பிடியில் என் முடிச்சு, நூல் நரைத்துப் போய். உடம்பு, உரித்த ரம்புத்தான் தோல் மாதிரி, தலை முதல் வால் வரை வளர வளர ஏறிய சிவப்பு. விளக்கு வெளிச்சம் செய்த வேலை இல்லை, பகல் இருந்தது.

"பயப்படாதீங்கக்கா, கடிக்காது" என்றான்.

"எனக்கே சொல்றியா?" என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

படம் கைக்கு வந்ததும் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போது அவருக்கு ஒரு கண் சரியில்லை. வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்த்தார். "நின்னுருச்சு" என்றார். உள்ளே திரும்பி, "சந்திரா, நான் சொன்னேன்ல, நிக்கும்னு!" என்று கத்தினார். படத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன். "நீ கண்ட பாம்பு, நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டார்.

அண்ணன் போய்விட்டார், அண்ணியும் போய்விட்டார். கொட்டகை இருந்த இடத்தில் வரிசை வீடுகள். ஈயக் குட்டையைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது கடைகளில் எல்லா நிறத்திலும் பாம்பு, கண்ணாடிப் பெட்டிக்குள், அனுமதிப் பத்திரத்தோடு விற்கிறார்களாம்.

மரத்தூள் வாசனை வந்த அன்று படத்தை எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் காட்டினேன். அந்தக் காலத்துக் கலர்ப் படம். பச்சையும் நீலமும் போய்விட்டன. நான் கட்டியிருந்தது பச்சைச் சேலை. இப்போது சேலை சிவப்பு, வானம் சிவப்பு, என் முகமும் சிவப்பு.

"பாம்பு என்ன கலர் ஆன்ட்டி?" என்று அவள் கேட்டாள்.

சிவப்பு என்றேன். படத்தில் எல்லாமே அப்படித்தானே இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினாள்.