சனிக்கிழமை ஐந்து பத்து வண்டி

எங்கள் பஸ் டிப்போவில் டூட்டி லிஸ்ட் போடுகிறவனுக்கு லிஸ்ட்காரன் என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். அவன் மேஜைக்கும் என் ஜன்னலுக்கும் நடுவில் ஓர் இரும்பு அலமாரி மட்டும். நான் அந்த ஜன்னல் வழியாக ஓட்டுநர்களுக்குச் சாவி கொடுக்கிறவள். கொடுக்கும் முன் ஒரு கருவியை நீட்டி ஊதச் சொல்வேன். குடித்திருந்தால் சிவப்பு எரியும், சாவி கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஆண்பிள்ளைகளின் வாயைச் சோதிக்கிற உத்தியோகம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

லிஸ்ட்காரனுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. தொண்ணூற்று நாலு ஓட்டுநர்கள், ஏழு நாள், மேஜை அகலத்துக்கு ஒரு தாள், அதில் கட்டம் கட்டமாகப் பேர்கள். ஒரு பேரை எழுதுவான், எழுந்து தண்ணீர் குடிப்பான், வந்து அதை அழிப்பான், வாசல்வரை நடப்பான். சட்டை முழுக்க ரப்பர் தூள். போன் அடித்தால் யாரோ ஒருவனுக்குக் காய்ச்சல், இல்லையென்றால் ஒருவன் மாமியாருக்கு. அடுத்த கணமே எந்தக் கட்டத்தை எங்கே நகர்த்துவது என்று அவன் உதடு முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே தலை சுற்றும்.

அவனும் மாப்பிள்ளையும் ஒரே நாளில் ஓட்டுநர்களாகச் சேர்ந்தவர்கள். மாப்பிள்ளை என்று நாங்கள் இப்போது கூப்பிடுவது அவன் சினேகிதனை. நாற்பது வயதில் ஒருவழியாக அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதிலிருந்து டிப்போ முழுக்க அப்படித்தான். ஆறு வருஷம் இரண்டு பேரும் பஸ் ஓட்டினார்கள். பிறகு லிஸ்ட்காரன் பரீட்சை எழுதி மேஜைக்கு வந்தான். வந்த வாரமே அவன் காதுபட நாலு பேர் பேசினார்கள்: "இனிமே சினேகிதனுக்கு நல்ல டூட்டியா விழும் பாரு."

அந்தப் பேச்சு அவனைக் குத்திவிட்டது. பாரபட்சம் பார்க்கிறவன் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்று அன்றே முடிவு கட்டினான். விடியற்காலை நாலு நாற்பது வண்டி யாருக்கு? சினேகிதனுக்கு. முதுகெலும்பைக் கழற்றிக் கையில் கொடுக்கும் அறுபத்து மூன்றாம் நம்பர் ரூட்? அவனுக்கு. யாராவது திடீரென்று படுத்துவிட்டால் அந்தக் கட்டத்தில் அவன் பேர்தான் முதலில் ஏறும். "அவன் முகம் சுளிக்க மாட்டான்க்கா" என்பான். உண்மைதான், சுளிக்கமாட்டான். சுளிக்காதவன் தலையில்தான் எல்லாவற்றையும் கட்டவேண்டுமா என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். தலையை ஆட்டுவான். அடுத்த வாரமும் அதே கதை.

ஆறு வருஷம் முன்பு ஒரு பெண்ணின் அப்பாவைப் பார்க்கப் போக மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தான். லிஸ்ட்காரன் மேஜைக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயைத் திறந்து கேட்டது அந்த ஒரு நாள்தான். சரி என்ற லிஸ்ட்காரன், சனிக்கிழமை சாயங்காலம் ஓர் ஆள் குறைந்ததும் அவனையே போட்டுவிட்டான். பெண்ணின் அப்பா மதியம்வரை காத்திருந்துவிட்டு, சொன்ன நாளில் வர முடியாதவனுக்குப் பெண் எதற்கு என்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் மாப்பிள்ளை என் ஜன்னலுக்கு வந்து ஊதினான், சாவியை வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் எதையும் கேட்கவில்லை.

இப்போது பக்கத்து ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு கல்யாணம். அந்த ஊர் டிப்போவுக்கே மாற்றல் கேட்டு மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தான். அதில் லிஸ்ட்காரன் தன் அபிப்பிராயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மேனேஜருக்குப் போகும். அவன் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டான்.

"நாலு வரி கடுதாசிய படிக்க மூணு வாரமா தம்பி?" என்று கேட்டேன்.

"அவன் போயிட்டா இங்க எனக்குன்னு யாருக்கா இருக்கா?" என்றான். சொன்னவன் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அந்த வாரம்தான் பேச்சிலர் பார்ட்டி என்று கிளம்பினான். கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மாப்பிள்ளைக்குத் தெரியாமல், அவனோடு நெருக்கமான பதினோரு ஓட்டுநர்களையும் ஒன்றாகக் கூட்ட வேண்டும். "ஒரே ஒரு நாள், அவனுக்காக இந்த லிஸ்ட்டையே புரட்டிப் போட்டேன்னு அவன் பார்க்கணும்க்கா. பார்த்தான்னா கடுதாசிய அவனே கிழிச்சிடுவான்." அவன் நம்பிக்கை அவ்வளவும் அந்தப் பார்ட்டியில்தான் இருந்தது.

முதலில் படகு என்றான். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது என்று மலைக்கு மாற்றினான். மலையில் போன் எடுக்காது, ஒரு வண்டி நின்றுபோனால் தனக்கு யார் சொல்வார்கள் என்று பயந்து, கடைசியில் பக்கத்திலேயே ஏரிக்கரை விடுதியில் வந்து நின்றான். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி ராத்திரியெல்லாம் எழுதினான். "தூக்கத்துல பஸ் நம்பரா சொல்றாருக்கா, பொம்பள பேரா இருந்தாலும் சண்டை போடலாம்" என்று அவன் பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள்.

உண்மையான தலைவலி விடுதி அல்ல, லிஸ்ட். பதினோரு பேருக்கும் மாப்பிள்ளைக்கும் சனி சாயங்காலம் ஓய்வு வேண்டும். அவர்கள் குடிப்பார்கள், ஆகவே ஞாயிறு காலை முதல் வண்டிகளில் அவர்கள் இருக்கக் கூடாது, இருந்தால் என் ஜன்னலில் வரிசையாகச் சிவப்பு எரியும். அந்த வண்டிகளுக்கு மற்றவர்கள் வேண்டும். அந்த மற்றவர்களுக்குச் சனிக்கிழமை எட்டு மணி நேரத் தூக்கம் விட வேண்டும். ஒரு பேரை இழுத்தால் நாலு பேர் சரிந்தார்கள். கெஞ்சினான், அடுத்த மாதம் நல்ல டூட்டி என்று சத்தியம் செய்தான். யாருக்காகவும் வளைந்து கொடுக்காத மனுஷன் ஆளாளுக்கு டீ வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை பத்தரைக்கு லிஸ்ட் முடிந்தது. பன்னிரண்டு மணிக்குள் பலகையில் ஏற வேண்டும். பதினொன்றுக்கு ஒரு போன்: சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பத்து வண்டிக்குப் போட்டிருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் கட்டு. அதே நேரம் இன்னொரு போனில் விடுதிக்காரன். ஒரு காதில் கட்டு போட்ட கால், மறு காதில் கேக்.

"ரெண்டு அடுக்குன்னு சொன்னேன் சார், ஒரு அடுக்கு இல்ல! மாப்பிள்ளைக்கு ரோஸ் கலர் பிடிக்காது!" என்று கத்திக்கொண்டே காலியான கட்டத்தில் ஒரு பேரை எழுதித் தாளை என்னிடம் நீட்டினான். நான் கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டினேன். டிப்போவில் எல்லோரும் தங்கள் பேருக்கு நேரே மட்டும்தான் பார்ப்பார்கள். பதினோரு பேரும் தங்கள் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஒட்டிய நானும் பார்க்கவில்லை. அதை இன்னும் நினைத்துத் திட்டிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானமே லிஸ்ட்காரன் விடுதிக்கு ஓடிவிட்டான். சோடாபுட்டி என்று பேர் வாங்கிய ஓட்டுநர், ஐந்தரைக்கு மாப்பிள்ளையை வீட்டிலிருந்து ஏதாவது பொய் சொல்லி அழைத்துவர வேண்டும் என்பது திட்டம். நாலு நாற்பதுக்கு என் ஜன்னலில் யூனிபாரத்தோடு மாப்பிள்ளை நின்றான்.

"அஞ்சு பத்து வண்டி அக்கா. அறுபத்து மூணு."

கருவியை நீட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. "இன்னைக்கு உனக்கு ஆஃப் இல்லையா?"

"இருந்துச்சு. லிஸ்ட்ல பேர் இருக்கே."

பலகைக்கு ஓடினேன். லிஸ்ட்காரன் கையெழுத்து, அழுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். விடுதிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே சிரிப்பும் பாட்டும். விஷயத்தைச் சொன்னதும், "நான் எழுதலக்கா" என்றான். பாட்டை நிறுத்தச் சொன்னான். "நான்தான் எழுதினேன்" என்றான்.

பதினைந்தே நிமிஷத்தில் வந்துவிட்டான். தலையிலும் சட்டையிலும் வண்ணக் காகிதத் துணுக்குகள். வந்ததும் வராததுமாய் போனை எடுத்து ஓய்வில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டான். ஞாயிறு காலைக்காரர்கள் தூங்க வேண்டியவர்கள், தொடக் கூடாது. விடுதியில் இருந்த பதினோரு பேரும், சோடாபுட்டி உட்பட, அதற்குள் தொண்டையை நனைத்துவிட்டார்கள். ஓர் ஆள் இல்லை. மணி ஐந்து.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு எல்லாம் புரிந்தது. "எனக்காடா பார்ட்டி?" என்று சிரித்தான். லிஸ்ட்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன்டா மாப்ள கேக்கல? எட்டு நாள்ல கல்யாணம், ஆஃப் நாள்ல போட்டிருக்கேன். ஏன்டா போட்டேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"ஒரு தடவை கேட்டேனே மச்சான்" என்றான் மாப்பிள்ளை. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

லிஸ்ட்காரன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "யோசிச்சு எழுதலடா. சத்தியமா யோசிக்கல. கட்டம் காலியா இருந்துச்சு, கை எழுதிடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினான். "சாவிய எனக்குக் குடுங்கக்கா. நான் ஓட்டறேன்."

"நீயா? பன்னெண்டு வருஷமாச்சே!"

"லைசென்ஸ் இருக்கு. வருஷா வருஷம் ஓட்டிக் காட்டி கையெழுத்தும் வாங்கிடறேன். ஆளே இல்லாத அவசரத்துக்கு."

என் வாய் சும்மா இருக்காது. "அப்ப இத்தனை வருஷம் ஆள் இல்லாதப்போ நீ ஏன் போகல?"

அவன் முகம் செத்துப்போனது. கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டது நியாயம்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நேராக மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்தான். கடிதத்தை எடுத்து நின்றபடியே எழுதினான். மூன்று வாரமாக ஓடாத பேனா மூன்று நிமிஷம் ஓடியது. மாப்பிள்ளை கையில் அதைத் திணித்துவிட்டு ஜன்னலுக்கு வந்து ஊதினான். பச்சை. பார்ட்டி நடத்துகிறவன் நிதானமாக இருக்க வேண்டும் என்று ஒரு சொட்டும் தொடவில்லையாம். சாவியை வாங்கிக்கொண்டு, காகிதத் துணுக்குகளைக்கூடத் தட்டாமல் போய் ஏறினான். வண்டி இரண்டு முறை குலுங்கி நின்று, மூன்றாவது முறை வாசலைத் தாண்டியது.

மாப்பிள்ளை கடிதத்தை வாசித்தான். முகம் மாறியது. மறுபடி வாசித்தான். பிறகு ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான். அதிகாரியின் அபிப்பிராயம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தது:

'மாற்றல் கொடுக்கலாம். இவர் என் நண்பர். பன்னிரண்டு ஆண்டுகளாக இவரைக் கேட்காமலே இவர் நாட்களை நான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருந்தால் இனியும் எடுப்பேன்.'

"ஐயையோ, ஆபீஸ் கடுதாசில போய் எழுதியிருக்கானே! மேனேஜர் பார்த்தா அவன் மேஜைக்கே ஆபத்து. அழிச்சிடலாமா தம்பி? வேற தாள்ல எழுதி வாங்கிக்கலாம்."

"வேணாம்க்கா." கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. "இத ஒரே ஒரு தடவை வாயால சொல்லியிருந்தான்னா, நான் மாற்றலே கேட்டிருக்க மாட்டேன்."

ஏரிக்கரையில் அவனுக்காகப் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அங்கே கிளம்பும் முன், அவன் மேனேஜர் அறைக்குப் போய்க் கடிதத்தை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தான்.